நான்காம் படத்தில் எண் இல்லாத கோல்

சென்ற மாதம் தேனிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். சென்னையில் காப்புரிமை ஆய்வாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான சின்னமனூருக்கே திரும்பிவிட்டவன் நான் என்பது எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது. வாசலில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். இந்த வருடம் கல்லூரியிலிருந்து எத்தனை காப்புரிமை விண்ணப்பங்கள் போயிருக்கின்றன என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விரிவுரையாளர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், மாசக் கடைசிக்குள்ள எங்க டிபார்ட்மென்டுல அஞ்சு போட்டாகணும்னு சொல்லிட்டாக. அஞ்சு போட்டா எத்தனை சார் தேறும்?"

"அதைப் படிக்கிறவர் எத்தனை நேரம் படிக்கிறார்ங்கறதைப் பொறுத்தது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சொன்னதை விளக்க அங்கே நேரமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வாளரின் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கே கடைசி வரை தெரியாது. "ஆபீஸ்ல பேட்டன் குடுக்குறாரு" என்பார்கள். உண்மையில் நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. ஒருவர் 'இது நான் கண்டுபிடித்தது, இருபது வருடத்துக்கு வேறு யாரும் என் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது' என்று விண்ணப்பிப்பார். அதே பொருள் உலகத்தில் எங்காவது, எந்த மொழியிலாவது, முன்பே வெளிவந்திருக்கிறதா என்று நான் தேடுவேன். வெளிவரவில்லை என்றால், அந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் சுலபமாகத் தோன்றிவிடக் கூடியதா என்று பார்ப்பேன். பார்த்ததை எழுதி மேலதிகாரியான கண்ட்ரோலரிடம் வைப்பேன். முடிவு அவருடையது.

விண்ணப்பத்தின் கடைசியில் எண் போட்டுச் சில வாக்கியங்கள் வரும். கிளெய்ம் என்போம். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அதுபோல. வடக்கே இன்னார் தோட்டம், தெற்கே வாய்க்கால் என்று எழுதாமல் 'கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் எப்படியிருக்கும்? கிளெய்ம்களில் பாதி அப்படித்தான் வரும். அதை வெட்டி, அவருக்கு உண்மையிலேயே உரிய நிலத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் எங்கள் சம்பளத்துக்கான வேலை.

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, மதுரையில் ஒரு மில்லில் இரண்டு வருடம் எண்ணெய்க் கையோடு இருந்தபின் இந்த வேலைக்குப் போனேன். முதல் சில வருடங்களைச் சொல்ல அதிகமில்லை. நாடா கட்டிய ஃபைல்கள், நூலகத்தில் தூசி தட்டி எடுக்கிற வெளிநாட்டுச் சுருக்கங்கள், ஒரு விண்ணப்பத்துக்கு நாலு நாள் ஐந்து நாள். பம்ப், தறி, தேங்காய் உரிக்கும் கருவி. மெதுவாகப் படித்தோம், யாரும் கேட்கவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. சட்டம் மாறியது, வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன, அப்புறம் நம்மூர்க் கம்பெனிகள், கல்லூரிகள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வருத்தப்படுவதில்லை. ஆனால் மடைக்கு ஆள் வேண்டும். எங்கள் பிரிவில் ஆட்கள் பழைய கணக்கிலேயே இருந்தோம். ஃபைல்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தபின் குவியல் கண்ணுக்குத் தெரியாமல் போனது. திரையில் ஒரு பட்டியல், கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். மாதக் கடைசியில் யார் எத்தனை முடித்தார் என்று ஒரு தாள் வரும்.

அந்தத் தாளில் என் பெயர் முதலில் இருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு. 'பொது' என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்திருந்தேன். எல்லா விண்ணப்பங்களுக்கும் பொருந்தக் கூடிய ஆட்சேபப் பத்திகள் அதில் தயாராக இருக்கும். எடுத்து ஒட்டி, பொருளின் பெயரை மட்டும் மாற்றினால் அறிக்கை முடிந்தது. சக ஊழியர்கள் என்னை 'பாண்டியன் எக்ஸ்பிரஸ்' என்பார்கள். மதுரைப் பக்கத்து ஆள், வேகமாகப் போகிறவன் என்று இரண்டுக்கும் சேர்த்து.

அந்த நிலையில்தான் பத்மினி மேடம் எங்களுக்குக் கண்ட்ரோலராக வந்தார். என்னைவிட வயதில் இளையவர், தஞ்சாவூர்ப் பக்கம். அதிர்ந்து பேசமாட்டார். பாராட்டவும் மாட்டார். எல்லோரும் திரையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் மட்டும் விண்ணப்பத்தையும் எங்கள் வரைவையும் தாளில் எடுத்துப் படிப்பார். முதலில் படங்கள். ஒவ்வொரு படத்திலும் உள்ள எண்களை ஒன்றொன்றாக விரல் வைத்துப் பார்த்தபிறகுதான் எழுத்துக்கு வருவார். தவறு என்று எதையும் எழுதிக் காட்டமாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். அந்த வரியில் என்ன கோளாறு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். புள்ளி இருக்கிற தாள் மேசைக்குத் திரும்பி வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். 'வாயைத் திறந்து சொன்னால் என்ன, நேரம் மிச்சம்தானே' என்று நினைப்பேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், ஒரு மாதக் கடைசியில், 'ஏலக்காய் உலர்த்தும் மேம்பட்ட அமைப்பு' என்று ஒரு விண்ணப்பம் என் பட்டியலில் வந்தது. விண்ணப்பதாரர் பெயர் ஈஸ்வரன், முகவரி கோம்பை. என் ஊருக்குப் பக்கம். எனக்கு ஏலக்காய் புதிதில்லை. என் அண்ணன் மலையில் ஒரு ஸ்டோர் வைத்திருந்தார். காயை உலர்த்துகிற அறையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். கீழே விறகு அடுப்பு, மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள், சூடான காற்று கீழிருந்து மேலே போகும்.

கிளெய்மைப் படித்தேன். 'வெப்பக் காற்றும் பல தட்டுகளும் கொண்ட உலர்த்தும் அறை' என்று இருந்தது. சிரிப்பு வந்தது. இதைக் கொடுத்தால் என் அண்ணன் முதல், மலையில் ஸ்டோர் வைத்திருக்கிற அத்தனை பேரும் கோம்பைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். தேடினேன், நிமிடத்தில் பத்து ஆவணம் கிடைத்தது. 'பொது' கோப்பைத் திறந்தேன். நாற்பது நிமிடத்தில் அறிக்கை முடிந்தது: எல்லாம் முன்பே தெரிந்தது, புதிதாக எதுவும் இல்லை, கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை.

அண்ணனுக்கு ஸ்டோர் இருப்பதை மேடத்திடம் சொன்னேன். அது முறை.

"ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க சார். ஃபைலை மாத்தணுமான்னு நான் பார்த்துக்கறேன்" என்றார். மாற்றவில்லை. ஆனால் இந்த ஃபைலில் ஒவ்வொரு அடியையும் அவரே பார்ப்பதாகக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் என் வரைவு மூன்று புள்ளிகளோடு திரும்பி வந்தது.

முதல் புள்ளி இரண்டாம் பக்கத்தில். படித்தேன், காதெல்லாம் சூடாகிவிட்டது. 'குடைக்கம்பிகளின் அமைப்பு ஏற்கெனவே அறியப்பட்டதாகும்' என்று இருந்தது. அதற்கு முந்தின நாள் ஒரு மடக்குக் குடையை முடித்திருந்தேன். அந்தப் பத்தியை எடுத்தபோது பெயர் மாற்ற விட்டுப்போயிருக்கிறது. அதைத் திருத்தி, வேறொன்றையும் பார்க்காமல் மறுபடி அனுப்பினேன். மற்ற இரண்டு புள்ளிகளும் அப்படியே திரும்பி வந்தன.

ஒன்று 'புதிதாக எதுவும் இல்லை' என்ற என் கடைசி வரியின் ஓரத்தில். மற்றது, கூடவே வந்த விண்ணப்பத்தின் நான்காம் படத்துக்குப் பக்கத்தில்.

நான்காம் படத்தில் அறையின் பக்கவாட்டுத் தோற்றம் இருந்தது. தட்டு ஒன்று, தட்டு இரண்டு, அடுப்பு, புகைபோக்கி, எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. கீழ் மூலையில் மட்டும் ஒரு கோல். நடுவில் ஒரு தாங்கல், ஒரு நுனியில் சின்னத் தட்டு, மறு நுனியில் ஒரு தகரக் கதவு. அதற்கு எண் இல்லை.

தேவையில்லாத ஒன்றை யாரும் வரைய மாட்டார்கள். உட்கார்ந்து முழு விண்ணப்பத்தையும் படித்தேன். முதன்முறையாக, வெட்கத்தோடு சொல்கிறேன், முதன்முறையாகப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: 'மாதிரித் தட்டு ஒன்று கோலில் தொங்கவிடப்படலாம், அது காய்வதற்கேற்பக் கதவு திரும்பும்.' அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அதற்கு அடுத்த பத்தியில் 'மீன்களின் செதில்கள்' என்று வந்தது. இதை எழுதிக் கொடுத்த ஏஜென்ட், ஏதோ மீன் உலர்த்தும் விண்ணப்பத்தை எடுத்து, மீனை நீக்கி ஏலக்காயைப் போட்டிருக்கிறார். ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

அவர் மீனை விட்டிருந்தார். நான் குடையை விட்டிருந்தேன். அவரைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. அவருக்கும் ஒரு குவியல், எனக்கும் ஒரு குவியல். இரண்டு குவியலுக்கும் நடுவில் கோம்பைக்காரர் ஒருவரின் கோல் கிடந்தது.

அந்தக் கோல் என்ன செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பச்சை ஏலக்காய் காயக் காய எடை வெகுவாகக் குறையும். தட்டின் எடை குறைந்தால் கோலின் அந்த நுனி மேலே எழும்பும். மறு நுனியில் உள்ள கதவு திரும்பும். கரண்டு வேண்டாம், ஆள் வேண்டாம். காயே அடுப்புக்கு உத்தரவு போடுகிறது! என் அண்ணன் ஸ்டோரில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மேடத்திடம் போனேன்.

"பதினோராம் பக்கம் மேடம்" என்றேன்.

"படிச்சீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் நாற்பது நிமிடத்தில் அறிக்கை எழுதியதையோ குடையையோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்துக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறிக்கையைப் புதிதாக எழுதினேன். கிளெய்ம் இப்படியே நிற்காது என்று எழுதிவிட்டு, நான்காம் படத்தில் உள்ள எண் இல்லாத பாகம் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும்படி கேட்டேன். பதில் எழுத ஆறு மாத அவகாசம். கடைசி நாளில் ஏஜென்டிடமிருந்து இரண்டு பக்கம் வந்தது. 'எமது கண்டுபிடிப்பு புதியது, ஆட்சேபங்களை நிராகரிக்குமாறு வேண்டுகிறோம்' என்ற வழக்கமான வாசகம். கோலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதோடு விண்ணப்பத்தை நிராகரித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேடம் விசாரணைக்குத் தேதி போட்டார். நோட்டீஸ் ஏஜென்டுக்குப் போகும். "இதுல ஒரு நகல் அந்தக் கோம்பை அட்ரஸுக்கும் தபால்ல போகட்டும்" என்றார்.

நோட்டீஸ் போவதற்குள் நான் கோலைப் பற்றித் தேடினேன். மூன்று நாள் தேடினேன். மூன்றாம் நாள் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டில், மிகப் பழைய காலத்தில், தானியம் உலர்த்தும் தொட்டி ஒன்று. தானியத்தின் எடை குறைந்தால் ஒரு கதவு மூடி, சூட்டை நிறுத்திவிடும். கண்டுபிடித்திருக்க வேண்டாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் நோட்டீஸில் அதைத்தான் முதல் ஆட்சேபமாக எழுதினேன். பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது தோண்டி எடுப்பார்கள். அன்றைக்கு அவர் கையில் இருப்பது வெறும் காகிதமாகிவிடும்.

விசாரணை நாள் காலையில் கீழே செக்யூரிட்டியிடமிருந்து போன் வந்தது. யாரோ சாக்கில் இரும்பு கொண்டு வந்திருக்கிறார்கள், விடலாமா என்று. இறங்கிப் போனேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சலவைச் சட்டை, கையில் வெல்டிங் தழும்புகள். பக்கத்தில் அவர் மனைவி, சாக்கை அணைத்துப் பிடித்தபடி.

"கோம்பையில இருந்து வர்றோம் சார். லெட்டர் வந்துச்சு. சொன்னாப் புரியாது, காமிச்சுப்புடலாம்னு கொண்டாந்தோம். இங்கன விடமாட்டேங்குறாக" என்றார் ஈஸ்வரன்.

"வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். என் வாயில் ஊர் வாசம் வந்துவிட்டதோ என்னவோ, அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாருக்கு நம்ம பக்கமா?"

"சின்னமனூர்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அதற்குமேல் லிஃப்டில் நான் பேசவில்லை.

மேடம் அறையில் ஏஜென்ட் முன்பே உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு ஐந்து விசாரணைகள். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, "மேடம், எங்கள் வால்வு அமைப்பில்..." என்று ஆரம்பித்தார். "இது ஏலக்காய்" என்றார் மேடம். அவர் வேறு ஃபைலைத் தேட ஆரம்பித்தார். மேடம் காத்திருக்கவில்லை. ஈஸ்வரனைப் பார்த்து, "கொண்டுவந்ததைக் காட்டுங்க" என்றார்.

சாக்கிலிருந்து இரும்புக் கோலையும், சல்லடைத் தட்டையும், ஒரு தகரக் கதவையும் எடுத்து ஈஸ்வரன் மேசை மேல் பூட்டினார். தட்டில் மனைவி பச்சைக்காயைக் கொட்டினார். கோல் தாழ்ந்தது. கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் காயை எடுக்க, நுனி எழும்பி, கதவு அழகாகத் திரும்பியது. அறை முழுக்க ஏலக்காய் வாசம். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இந்தக் கருவி இப்ப எங்க ஓடுது?" என்றார் மேடம்.

"எங்க ஸ்டோர்ல ஒன்னு. மலையில ரெண்டு பேருக்குச் செஞ்சு குடுத்தேன் மேடம். எல்லாம் இங்க எழுதிப் போட்டப்புறந்தேன் குடுத்தது. போன மாசம் மிஷின் செய்யிற கம்பெனிக்காரவுக வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாக. இது எங்களுதுன்னு சொல்ல ஒரு காகிதம் இல்ல."

மேடம் தலையசைத்துவிட்டு, நான் கண்டுபிடித்த பழைய ஆவணத்தின் படத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். "இதுவும் எடை குறைஞ்சா கதவு மூடும். உங்களுது இதுலேர்ந்து எப்படி வேற?"

ஏஜென்ட், "மேடம், எங்களுடையது ஏலக்காய்க்கானது, இது தானியம்" என்றார்.

"பொருள் மாறினா மட்டும் போதாது."

ஈஸ்வரன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வந்து மேடம்... கதவு..." என்று இழுத்தார். "தட்டுல எம்புட்டுக் காய் போடணும்னு ஒரு கணக்கு இருக்கு. அது..." என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பினார். பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி செல்லத்தாய் அதற்குள் எழுந்து மேசைக்கு வந்துவிட்டார்.

"இது நிப்பாட்டுற கதவு மேடம். எங்களுது திருப்பி விடுற கதவு" என்றார் செல்லத்தாய்.

"அப்படின்னா?"

"ஸ்டோர்ல எப்பவும் கீழ்த்தட்டுதேன் மொதல்ல காயும். மேல்த்தட்டுக் காய் ஈரமாவே கெடக்கும். மேல காயுறதுக்குள்ள கீழ இருக்குறது வெளுத்துப் போகும். வெளுத்த காயை யாரு வாங்குவாக? அதுக்காக ராவெல்லாம் முழிச்சுத் தட்டை மாத்தி மாத்திப் போடுவோம். நான் பன்னெண்டு வருசம் மலையில அந்த வேலைதேன் பாத்தேன். இவுக சொல்ற மாதிரி சூட்டை நிப்பாட்டிப்புட்டா மேல்த்தட்டு என்னைக்குக் காயுறது? அடுப்பு எரியுதுல்ல, அந்தச் சூட்டை எங்கனயாச்சும் அனுப்பணும்ல. அதேன் கீழ்த்தட்டு மட்டத்துல மாதிரிக்கு ஒரு சின்னத் தட்டைக் கோல்ல தொங்கவிட்டேன். அது காஞ்சு எந்திரிச்சா, கதவு சூட்டைப் பக்கத்துக் குழாய்ல திருப்பி மேல்த்தட்டுக்கு அனுப்பும். கீழ பச்சையும் போகாது, மேல ஈரமும் நிக்காது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டேன். மூன்று நாள் தேடி நான் கண்டுபிடித்த ஆவணத்துக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. அந்தத் தானியத் தொட்டியில் மேல்த்தட்டு கீழ்த்தட்டே கிடையாது. அந்தச் சிக்கலே அதற்குத் தெரியாது. நான்காம் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டுக் குழாயும் வரைந்திருந்தது. கோலிலேயே கண் நின்றதால் நானும் அதைக் கவனிக்கவில்லை.

மேடம் அதை எழுதிக்கொண்டார். பிறகு, "தொங்கவிட்டேன்னு சொன்னீங்க. இதை யோசிச்சது யாரு?" என்றார்.

செல்லத்தாய் கணவரைப் பார்த்தார். ஈஸ்வரன் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இவதேன் மேடம்" என்றார். "மொதல்ல தராசுக்கோல்ல கயிறு கட்டிச் செஞ்சா. நான் இரும்புல அடிச்சுக் குடுத்தேன். குழாய் வளைச்சது நான்."

"விண்ணப்பத்துல கண்டுபிடிச்சவர்ங்கற இடத்துல உங்க பேர் மட்டும்தான் இருக்கு."

"பட்டறை யாரு பேருல இருக்குன்னு கேட்டாக. எம்பேருலன்னு சொன்னேன். இவ பேரையும் போடலாம்னு யாரும் சொல்லலை மேடம்."

எல்லோரும் ஏஜென்டைப் பார்த்தோம். "நிறைய விண்ணப்பம் மேடம்... படிவத்தில் கேட்டதை..." என்றார் அவர். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குடைக்கம்பி எழுதியவனுக்கு வேறென்ன தோன்றும்?

"எம்பேரு எதுக்குங்கம்மா? அந்தக் காகிதம் கெடச்சாச் சரி" என்றார் செல்லத்தாய்.

"இது மரியாதைக்காக இல்லம்மா" என்றார் மேடம். அவர் குரலை அன்றைக்குத்தான் சற்று இளகிக் கேட்டேன். "யார் கண்டுபிடிச்சாங்கங்கறது தப்பா இருந்தா, நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரங்க இந்தப் பேப்பரையே ஆட்டிப் பார்ப்பாங்க. உங்க பேர் இருந்தா அசைக்க முடியாது. அதுக்கு ஒரு படிவம் இருக்கு. சார் எடுத்துக் குடுப்பார்."

அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். விசாரணைக்குப் பின் எழுத்தில் பதில் தரப் பதினைந்து நாள். ஏஜென்டும் அந்தப் பதினைந்து நாளில் நன்றாகவே வேலை செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லா ஸ்டோர்களையும் வளைத்துப் போட்ட கிளெய்ம் போய், கீழ்த்தட்டுக் கோல், திரும்பும் கதவு, பக்கவாட்டுக் குழாய், மூன்றும் சேர்ந்த ஒரு சின்ன எல்லைக்குள் வந்தது. என் அண்ணன் தப்பித்தார். மலையில் அத்தனை பேரும் தப்பித்தார்கள். காப்புரிமை வழங்கும் ஆணையில் பழைய ஆவணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மேடம் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் பாதி செல்லத்தாய் சொன்னதேதான், ஆங்கிலத்தில்.

அந்த ஒன்றரைப் பக்கம் வீண் போகவில்லை. காப்புரிமை கிடைத்த ஒரு வருடத்துக்குள் கம்பெனி ஒன்று அதை எதிர்த்து மனுப் போட்டது. அவர்கள் காட்டிய ஆயுதம் அதே தானியத் தொட்டி. எதிர்ப்பை விசாரித்தவர்களில் நான் இல்லை. தீர்ப்பை மட்டும் படித்தேன். 'இந்த ஆவணம் ஆய்வின்போதே முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டுள்ளது' என்று சொல்லி மனுவைத் தள்ளியிருந்தார்கள். நான் மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

'பொது' கோப்பை அழித்துவிட்டேன். மாதத் தாளில் என் பெயர் நடுவுக்கு இறங்கியது. பிறகு நடுவுக்கும் கீழே. வருடாந்தரக் குறிப்பில் அதற்கு விளக்கம் கேட்டார்கள். மேடம் ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினார்: 'இவருடைய அறிக்கைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதில்லை.' அவரிடமிருந்து நான் பெற்ற பாராட்டு அது ஒன்றுதான், அதுவும் எனக்குச் சொல்லவில்லை. அவர் மாறுதலாகிப் போனபின் குமாஸ்தா ஒருவர் காட்டித்தான் தெரிந்தது. அந்த வேலை எனக்கு வீடு கொடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதற்கெல்லாம் மேலாக, தவறை அனுப்பிவிடும் முன்னால் என்னைப் பிடித்து நிறுத்துகிற ஒருவரைக் கொடுத்தது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

வேலையில் இருந்தவரை நான் கோம்பைப் பக்கம் போகவில்லை. போவது முறையில்லை. ஓய்வு பெற்று வந்த மறு மாதம், பெரியகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மனம் கேட்காமல் பஸ் மாறிக் கோம்பையில் போய் இறங்கினேன். பட்டறையை விசாரித்ததும் கையைக் காட்டினார்கள். பட்டறைக்குப் பின்னால் ஸ்டோர். செல்லத்தாய் தட்டில் காயைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஈஸ்வரன் மலைக்குப் போயிருந்தார்.

"ஆத்தாடி, சின்னமனூர் சார்!" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காப்பி கொடுத்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசியபின், உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

"சார், இன்னொன்னு யோசிச்சு வச்சிருக்கேன். சும்மா வெளிய போற புகையில எம்புட்டுச் சூடு இருக்கு! புகைபோக்கியைச் சுத்தித் தகரத்துல ஒரு உறை போட்டு, உள்ள வர்ற காத்தை அது வழியா விட்டோம்னா, காத்து சூடாவே வரும். விறகு பாதி மிச்சம். போட்டுப் பாத்துட்டேன், நல்லா வேலை செய்யுது. இதையும் எழுதிப் போடலாமா? ஒருத்தர் வந்து, ஒன்னுக்கு நாலா எழுதித் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

போனை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்து தேடினேன். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. எங்கள் தாத்தா காலத்து ஆவணம். அதே உறை, அதே காற்று. படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவர் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். விரலால் படத்தைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார்.

"அப்ப அவுக முந்திட்டாக" என்றார்.

"ஆமா."

"இம்புட்டுப் பழசுன்னா, நாம செஞ்சா யாரும் கேக்க மாட்டாகள்ல?"

"யாரும் கேட்க முடியாது. தாராளமாச் செய்யலாம். நீங்க மட்டுமில்ல, மலையில எல்லாரும் செய்யலாம்."

"அது போதும் சார். எழுத வேணாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளப் போனார்.